வகுப்பறைப் படத்திலுள்ள கடலடி மலைத்தொடர் குமரிமலைதானா?

கேள்வி: சமூக அறிவியல் ஆசிரியை, நாகர்கோவில்

வணக்கம். இந்தியப் பெருங்கடலின் அடித்தரையைக் காட்டும் படம் ஒன்றை ஒன்பதாம் வகுப்பில் மாட்டியிருந்தேன். மணக்குடியிலிருந்து வரும் மாணவன் ஒருவன், தலைகீழாகப் பிடித்த கவட்டைபோல நடுக்கடலில் பிரிந்து செல்லும் மலைத்தொடரைத் தொட்டுக் காட்டி, “கடல் கொண்ட குமரிமலை இதுதானா, டீச்சர்?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். “அப்படியானால் அவ்வளவு ஆழத்தில் மலை இருப்பதை யார் போய் அளந்தார்கள்?” என்று அவன் தொடர்ந்தபோது, “பல நாட்டு விஞ்ஞானிகள்” என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1: கடல் புவியியல் படித்தவன், தக்கலை

உங்கள் மாணவனின் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தில் வடமேற்காகச் செல்லும் கிளையின் மேற்பகுதிக்குக் கார்ல்ஸ்பெர்க் முகடு என்று பெயர். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்கின் ‘டானா’ என்ற கப்பல் அதன் ஆழங்களை அளந்தது. பயணத்துக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் பெயரே முகட்டுக்கு வைக்கப்பட்டது. (அந்த அறக்கட்டளையின் வருமானம் பீர் ஆலையிலிருந்து வந்தது என்பதை வகுப்பில் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.) ஆயினும் முறையான கூட்டு முயற்சி என்றால் 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும். பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே திட்டத்தின் கீழ்க் கப்பல் அனுப்பின. நம் கடற்படையின் ‘கிஸ்ட்னா’ உட்பட 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. அதன் தொடர்ச்சியாகவே, இன்று கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966-இல் பிறந்தது.

அத்திட்டத்தில் பங்கேற்ற ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் 1962-இல் கார்ல்ஸ்பெர்க் முகட்டின் ஒரு பகுதியில் ஆழத்தோடு காந்தப்புலத்தையும் அளந்தது. அந்தப் பதிவுகளை வைத்து ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் ஆகிய இருவரும் 1963-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். முகட்டின் நடுப்பிளவில் மேலெழும் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது, அன்றைய புவிக்காந்தத்தின் திசை அதில் பதிந்துவிடுகிறது. புவியின் காந்த வடதுருவமும் காந்தத் தென்துருவமும் காலப்போக்கில் பலமுறை இடம் மாறியிருப்பதால், முகட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த காந்தப்பட்டைகள் உருவாகின்றன. எனவே கடற்தரை நடுவில் பிறந்து இரு பக்கமும் விலகிக்கொண்டிருக்கிறது. கனடாவின் லாரன்ஸ் மார்லியும் இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார், ஆனால் அவருடைய கட்டுரையை இதழ்கள் ஏற்கவில்லை. புவியின் மேலோடு நகரும் பெருந்தட்டுகளால் ஆனது என்னும் புவித்தட்டுக் கொள்கைக்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று, குமரி முனையிலிருந்து மேற்கே ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள கடலில் கிடைத்தது என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

இனி குமரிமலை. கார்ல்ஸ்பெர்க் முகடு உருவாக்கிய தரை முழுவதும் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. விவேகானந்தர் பாறையோ 50 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. மூழ்கிப்போன பழைய நிலமாக இருந்தால் அங்கே நம்முடைய பாறையைப் போன்ற பாறை இருக்க வேண்டும். இருப்பதோ கடலுக்கடியிலேயே பிறந்த கரிய எரிமலைப் பாறையான பசால்ட். இன்னொன்றையும் சொல்வது நேர்மை: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. எனவே குமரிக்குத் தெற்கே ஆழம் குறைந்த பகுதிகளில் கரைநிலம் மூழ்கியது உண்மை. ஆனால் அது ஒரு கண்டம் அல்ல.

பதில் 2: விசைப்படகுக் குடும்பத்தவன், தூத்தூர்

எங்கள் ஊர்ப் படகுகள் சுறா, சூரை தேடி மாலத்தீவு கடந்து டியாகோ கார்சியா தீவின் பக்கம் வரை செல்வதுண்டு. குமரிக்குத் தெற்கேயுள்ள மீன்பிடித் திட்டான வாட்ஜ் பேங்கில் எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்பது எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். எல்லாப் படகிலும் ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களின் அளவுகளை அந்தப் படங்களில் ஏன் சேர்ப்பதில்லை?

பதில் 3: தக்கலை (மீண்டும்)

சேர்க்க வழி இருக்கிறது, அண்ணாச்சி. 1903-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் தொடங்கிய ‘ஜெப்கோ’ என்ற உலகக் கடலடிப் படத்திட்டமும், 2017-இல் அறிவிக்கப்பட்ட ‘சீபெட் 2030’ திட்டமும் சாதாரணக் கலங்களின் ஆழ அளவுகளையும் ஏற்கின்றன. ஆனால் ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள் எடுத்த அளவுக்கு அந்நாட்டின் இசைவு வேண்டும். படகிலுள்ள கருவி பாரையும் கரையோரத் திட்டையும் காட்டுமே தவிர, 2,500 மீட்டருக்குக் கீழே கிடக்கும் முகட்டை எட்டாது. அதற்கு, ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பி ஆழம் அளக்கும் பல கற்றை ஒலிமானி பொருத்திய ஆய்வுக் கப்பல்தான் வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் சில கிலோமீட்டர் அகலப் பட்டையைத்தான் அளக்கும். அதனால்தான் உலகக் கடலடியில் கால் பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே இன்றுவரை நேரடியாக அளக்கப்பட்டுள்ளது. டியாகோ கார்சியா அமர்ந்திருக்கும் மேடும் நடுக்கடல் முகடு அல்ல. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது, கீழிருந்து பாறைக்குழம்பு மேலெழும் ஒரு வெப்பமையம் இலட்சத்தீவு தொடங்கித் தெற்கு நோக்கி விட்டுச்சென்ற எரிமலைத் தடம் அது.

பதில் 4: நில அளவையர், மார்த்தாண்டம்

தட்டின் இன்றைய வேகத்தை அறிய முகடு வரை செல்ல வேண்டியதில்லை. பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களில் உள்ள நிரந்தர ஜி.பி.எஸ். நிலையங்கள், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு வலையமைப்பில் இணைந்துள்ளன. அத்தரவுகளை யாரும் இலவசமாகப் பெறலாம். நாம் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறோம். 2004-இல் குளச்சலையும் மணக்குடியையும் அடித்த அலை, இதே தட்டு சுமத்ரா அருகே கீழிறங்கும் விளிம்பில்தான் புறப்பட்டது. முகட்டை மட்டும் காட்டி நிறுத்திவிடாமல் அந்த விளிம்பையும் படத்தில் குறித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மணக்குடிப் பிள்ளைகளிடம் 2004-ஐப் பற்றிப் பேசத் தயங்கியே அந்த விளிம்பை விட்டிருந்தேன், இம்முறை குறிக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: நேரடியாக அளக்காத முக்கால் பங்கைப் படத்தில் எப்படி வரைகிறார்கள்?

தக்கலை

செயற்கைக்கோள் கொண்டுதான். கடலடி மலையின் ஈர்ப்பு, தன் மேலுள்ள நீரைச் சிறிது குவித்து வைக்கிறது. அந்த மேட்டை அளந்து, கீழே இருப்பதைக் கணிக்கிறார்கள். கணிப்பு என்பதால் சிறு குன்றுகள் அதில் தப்பிவிடும். ஜெப்கோவின் இலவசத் தொகுப்பில் எந்த இடம் அளந்தது, எந்த இடம் கணித்தது என்று காட்டும் துணைப்படமும் உண்டு; சுவரில் மாட்டும்போது அதையும் பக்கத்தில் மாட்டுங்கள்.