வெளியே பாய்க்குக் கீழே கான்கிரீட்: ரெஸ்லர்களுக்கு இப்போதுள்ள பாதுகாப்பு போதுமா?

ரிங்சைட்_குமரன்:
2022 மார்ச் 11, அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த, டபிள்யூடபிள்யூஇ கம்பெனியின் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. ரெஸ்லர் ரிட்ஜ் ஹாலண்ட், எதிரே ஆடிய பிக் ஈயை ரிங்குக்கு வெளியே தலைக்கு மேலாகத் தூக்கி வீச, அவர் உச்சந்தலை தரையில் மோத விழுந்தார். கழுத்தில் சி1, சி6 (மேலிருந்து முதலாவது, ஆறாவது) இரண்டு எலும்பும் முறிந்துபோனது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாரே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவு ஆபத்தில் வேலை செய்பவர்களைக் கம்பெனி ஊழியர் என்று சொல்வதில்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. எந்த ஊரில், எந்த நாளில், யாரோடு மோத வேண்டும், யார் ஜெயிக்க வேண்டும் எல்லாம் கம்பெனி முடிவு, குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு மட்டும் அவரவர் பாடா?

ஆட்டிட்யூட்_ரசிகன்:
ரிங்கில் பட்ட காயத்துக்கு ஆபரேஷன் செலவைக் கம்பெனிதான் ஏற்கிறது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1999 ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் ரெஸ்லர் மிக் ஃபோலியின் கைகளைப் பின்னால் விலங்கிட்டு, எதிராளி ராக் நாற்காலியால் தலையில் அடித்தார், பத்து முறைக்கும் மேல். கையை உயர்த்தித் தடுக்கக்கூட வழியில்லை, ஃபோலியின் மனைவியும் குழந்தைகளும் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு காட்சியை இன்று டபிள்யூடபிள்யூஇயில் காட்டுங்கள் பார்க்கலாம். 2010ல் தலையில் நாற்காலி அடியைத் தடை செய்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 2006ல், ரெஸ்லர்கள் உடல்நலத்துக்கான வெல்னஸ் திட்டம் வந்து இதயப் பரிசோதனை, கன்கஷன் (அடிபட்டு மூளை அதிர்வது) சோதனை எல்லாம் நடக்கிறது. டேனியல் பிரையனையே எடுத்துக்கொள்ளுங்கள், வெளி டாக்டர்கள் சரி என்றும் கம்பெனி டாக்டர் விடவில்லை, 2016ல் ஓய்வு அறிவிக்க வேண்டியதாயிற்று, 2018ல்தான் திரும்ப அனுமதி கிடைத்தது. அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை உட்கார வைத்தார்கள் என்றால் அக்கறை இல்லாமலா?

ரிங்சைட்_குமரன்:
பிரையன் விஷயத்தில் செய்தது சரிதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன மாற்றங்கள் எப்போது வந்தன என்று பாருங்கள். ரெஸ்லர் எடி கெரெரோ 38 வயதில் இறந்து மூன்று மாதம் கழித்துத்தான் வெல்னஸ் திட்டம். 2007ல் ரெஸ்லர் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை செய்துகொண்ட கொடூரத்துக்குப் பிறகு அவர் மூளையைச் சோதித்தபோது, அல்சைமர் வந்த 85 வயதுக்காரருடையது போல இருந்தது என்றார்கள். அதற்கு அப்புறமும் தலையில் நாற்காலி அடி நிற்க 2010 ஆனது. 1999ல் கான்சாஸ் சிட்டியில் ரெஸ்லர் ஓவன் ஹார்ட்டை ரிங்குக்குள் கூரையிலிருந்து இறக்கும்போது கொக்கி விடுபட்டு, சுமார் 78 அடி கீழே விழுந்து செத்தார், அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தக்கூட இல்லை. ஒவ்வொரு விதிக்கும் ஓர் உயிரா விலை?

கல்லூரி_மல்யுத்தம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கல்லூரியில் மூன்று வருடம் பாயில் புரண்டவன் நான், முதலில் சொல்லிக்கொடுப்பதே விழுவதுதான்: தாடையை நெஞ்சோடு ஒட்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படட்டும். ரிங்கில் மரப்பலகை, மேலே மெல்லிய ஃபோம், கேன்வாஸ், ஆனாலும் அது கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். வெளியே மெல்லிய பாய்க்குக் கீழே கான்கிரீட்தான். பிக் ஈக்கு நடந்தது முழுதாகச் சுழல முடியாமல் போனதால். அந்த வீச்சில் தாடையை ஒட்டி வைத்திருந்தாலும் பயனில்லை. காப்பீடு இருக்கட்டும், தலைக்கு மேல் தூக்கி வீசுவதை வெளியே செய்யவே கூடாது.

ஆட்டிட்யூட்_ரசிகன்:
தம்பி, ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே போனால் என்ன மிஞ்சும்? ஜப்பானிய ரெஸ்லர் மிட்சுஹாரு மிசாவா 2009ல் ஹிரோஷிமாவில் இறந்தது ரிங்குக்குள், எல்லோரும் தினமும் செய்கிற சாதாரண பேக் சூப்லெக்ஸில் (பின்னாலிருந்து பிடித்துத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்ப்பது). வருடக்கணக்காகக் கழுத்து தேய்ந்துபோயிருந்தது. வலியை மறைத்து ஆடுகிறவரை எந்த விதி காப்பாற்றும்?

ரிங்சைட்_குமரன்:
மிசாவா, தான் ஆடிய நோவா என்ற கம்பெனிக்கே தலைவர் அண்ணா. 46 வயதில், தன் பெயருக்காக டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்காக ஆடிக்கொண்டிருந்தவரிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? அதனால்தான் கேட்கிறேன், கம்பெனி சம்பளம் வாங்காத ஒரு டாக்டர் ரிங் ஓரத்தில் இருக்க வேண்டும், அவர் கை காட்டினால் ஆட்டம் அத்தோடு முடிய வேண்டும். 2020ல் ஏஇடபிள்யூ என்ற இன்னொரு கம்பெனியின் ஆட்டத்தில் மேட் ஹார்டி உயரத்திலிருந்து விழுந்து தலை கான்கிரீட்டில் மோதி, எழுந்து நிற்கத் தள்ளாடினார், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தொடங்கினார்கள், அவரும் மறுபடி மேலே ஏறினார். அடிபட்ட தலையோடு 'நான் சரியாக இருக்கிறேன்' என்று அவர் சொன்னால் அதை நம்பலாமா?

ஆட்டிட்யூட்_ரசிகன்:
ஹார்டி விஷயத்தில் பதில் இல்லை என்னிடம். அன்று நானும் டிவியை அணைத்துவிட்டேன். வெளி டாக்டர் யோசனைக்குச் சரி என்கிறேன். ஆனால் ஊழியர் என்று மாற்றினால் சின்னக் கம்பெனிகள் மூடிவிடும், அங்கே வாரம் இரண்டு ஆட்டம் ஆடிப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

கல்லூரி_மல்யுத்தம்:
சின்னக் கம்பெனியை அப்புறம் பேசலாம், பெரியதிலிருந்து தொடங்கட்டும் அண்ணா. பிக் ஈயின் சி1 எதிர்பார்த்தபடி ஒட்டவில்லை என்று அவரே சொன்னார், அன்றிலிருந்து ஓர் ஆட்டம் ஆடவில்லை.