ஆரஞ்சு எண்ணெயும் தெர்மாகோல் கப்பும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரா மாங்காய் வண்டி வரிசையாக நிற்கத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். எடைச்சீட்டில் ஒரு தகராறு, விலையில் ஒரு தகராறு. இரவு பதினொரு மணிக்குப் படுத்தாலும் கண்ணுக்குள் எடைமேடைதான் நிற்கும்.

என் அவதியைப் பார்த்த நாத்தனார் ஒரு சின்னக் குப்பி ஆரஞ்சு எண்ணெய் கொடுத்தார். பழத்தோலைப் பிழிந்து எடுப்பது. வெந்நீரில் சில சொட்டு விட்டுத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். அன்று கைக்குக் கிடைத்தது ஏதோ விசேஷத்தில் மிஞ்சிய தெர்மாகோல் கப். ஐந்து சொட்டு விட்டேன். அறையெல்லாம் தோல் உரித்த மணம். மனம் லேசானது உண்மை. காலையில் கப்பை எடுத்தால், தண்ணீர் நின்ற மட்டத்தில் உள்பக்கம் முழுக்கக் கரையான் அரித்ததுபோல ஒரு வளையம்! அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற பொருள்தானாம். அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். நல்லவேளை, கழுத்தில் நேரே தடவிப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

இப்போது எவர்சில்வர் டம்ளரில் மூன்றே சொட்டு. ஜன்னலைத் திறந்துவைத்து, போனைத் தொடாமல் பத்து நிமிடம் உட்காருகிறேன். நிம்மதி தருவது மணமா, அந்தப் பத்து நிமிடமா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

தர்மபுரியிலிருந்து:

குப்பியெல்லாம் எதற்கு அக்கா? தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து இறங்கும்போது என் அம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடிப்பார். தோலில் இருப்பதும் அதே எண்ணெய்தானே. ஐந்து ரூபாயில் வேலை முடிந்தது.

பென்னாகரத்திலிருந்து:

தோலில் தடவாமல் விட்டீர்களே, பிழைத்தீர்கள். சென்னையிலிருந்து வந்த என் மைத்துனரை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனேன். எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்தவர், பையிலிருந்து எலுமிச்சை எண்ணெய்க் குப்பியை எடுத்து, "இதையும் சேர்த்துத் தேயுங்கள், டென்ஷன் குறையும்" என்றார். தேய்ப்பவர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு முகர்ந்தார். "நம் எண்ணெயே போதும் சார், இது காரமாக இருக்கிறது" என்றார். மைத்துனர் கேட்கவில்லை. கழுத்திலும் தோளிலும் அப்படியே ஊற்றிக்கொண்டார். மேலோட்டமாகக் குளித்துவிட்டு உச்சி வெயிலில் பரிசல் ஏறினோம்.

மறுநாள் தோள் செக்கச்செவேல் என்று கன்றிவிட்டது. பிறகு கொப்புளம். ஆறிய இடத்தில் பழுப்புத் தழும்பு, மாதக்கணக்கில் போகவில்லை. பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயில் வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள் உண்டு, பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயில் இன்னும் அதிகம் என்று தோல் மருத்துவர் விளக்கினார். காய்ச்சி வடித்த எலுமிச்சை எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லையாம். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிழிந்ததா வடித்ததா என்று ஒரு வரிகூட இல்லை.

ஓசூரிலிருந்து:

எனக்குப் பல் மருத்துவர் என்றாலே உள்ளங்கை வியர்க்கும். வியன்னாவில் பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஆரஞ்சு மணம் பரப்பிப் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வில் பெண்களுக்குப் பதற்றம் குறைந்தது தெரிந்ததாம். நான் ஆண். இருந்தாலும் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு போனேன். காத்திருந்த அரை மணி நேரம் நன்றாகவே இருந்தது. உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் ஆரஞ்சாவது ஒன்றாவது! இப்போது வீட்டில் ஆரஞ்சு வாசனை வந்தாலே கடைவாய்ப் பல் கூசுகிறது.

மீண்டும் காவேரிப்பட்டணத்திலிருந்து:

தர்மபுரித் தம்பிக்கு: சீசன் நேரத்தில் எலுமிச்சை விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

பென்னாகரத்து அண்ணா சொன்னதைப் படித்துவிட்டுப் போன வருடக் குப்பியைத் தேடி எடுத்தேன். மூடி சரியாக மூடாமல் கிடந்ததில் மணம் மாறி, பழைய பெயிண்ட் வாடை அடிக்கிறது. காற்றுப் பட்டுக் கெட்ட எண்ணெய் தோலில் பட்டால் அரிப்பு வருமாம். கொட்ட மனம் வரவில்லை. புது எவர்சில்வர் டப்பாக்களில் ஒட்டிய விலைச்சீட்டுப் பசையைத் துணியில் தொட்டுத் துடைத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் நான்கு டப்பா பாக்கி.