450 குவாட்: 13.5 பிஸ்டன் போட்டால் என்ஜின் தாங்குமா?

மணல்மேடு450

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் குவாட், அதாவது நான்கு சக்கர ஏடிவி. செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஹவர் மீட்டர் இல்லை, அதனால் என்ஜின் இதுவரை எவ்வளவு ஓடியது என்று தெரியாது. மணல் மேடு ஏறும்போது மூன்றாம் கியரில் மூச்சு வாங்குகிறது. சூடான பிறகு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கம்ப்ரஷனை 13.5:1 ஆக்கும் பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), முழு சைலன்சர் செட் மூன்றையும் ஒரே தடவையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

கூட ஓட்டுபவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கம்பெனி என்ஜினைத் தொட்டால் ஆயுள் போய்விடும் என்கிறது ஒரு கட்சி. ஒழுங்காகக் கட்டினால் கம்பெனி என்ஜினைவிட நன்றாகவே உழைக்கும் என்கிறது இன்னொன்று. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆயில்வாசம்

நான் முதல் கட்சி. ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: சூடானால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது.

இந்த என்ஜினில் ஐந்து வால்வுகள், ஐந்தும் டைட்டானியம். எடை குறைவு, அதனால் அதிக ஆர்பிஎம்மில் ஸ்பிரிங்கை மீறித் துள்ளாது. ஆனால் அதன் முகத்தில் இருக்கும் கடினப் பூச்சு மிக மெல்லியது. ஏர் ஃபில்டரைத் தாண்டி நுண்மணல் உள்ளே போனால் அந்தப் பூச்சைத் தேய்த்துவிடும். பூச்சு போன பிறகு வால்வு முகம் கிடுகிடுவென்று குழிய ஆரம்பிக்கும். வால்வு சீட்டுக்குள் அமுங்கும், டேப்பெட் கிளியரன்ஸ் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி) குறையும். சூட்டில் அந்த இடைவெளி மொத்தமாகப் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் இல்லாமல் என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

புதுப் பிஸ்டனைப் பற்றி யோசிக்கும் முன்னால் டேப்பெட் கிளியரன்ஸ் பாருங்கள், லீக் டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்யுங்கள்.

கேம்ராஜா

சோதனை செய்யச் சொன்னதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் "கம்பெனி என்ஜினைத் தொடாதே" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது அண்ணா.

கம்பெனி என்ஜின் என்பது ஒரு சமரசம். சத்தக் கட்டுப்பாடு, புகைக் கட்டுப்பாடு, கிடைக்கிற சாதாரணப் பெட்ரோல், தயாரிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் இடம் விட்டுத்தான் அதை வடிவமைக்கிறார்கள். கம்பெனிகளே தங்கள் என்ஜினை மாற்றிக் காட்டியிருக்கின்றன. ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் 2004இல் வந்தபோது போர் (சிலிண்டரின் விட்டம்) 94, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 64.8 மில்லிமீட்டர், கம்ப்ரஷன் 10.5:1. 2006 மாடலில் போர் 96, ஸ்ட்ரோக் 62.1, கம்ப்ரஷன் 12:1. சிசி கிட்டத்தட்ட அதேதான். போரை அகலமாக்கி, ஸ்ட்ரோக்கைக் குறைத்து, கம்ப்ரஷனை ஏற்றினார்கள். அதைத்தானே நாமும் செய்யப் பார்க்கிறோம்?

இன்னொன்று. டைட்டானியம் வால்வுதான் பலவீனம் என்றால் அதை மாற்றுவதும் மாடிஃபிகேஷன்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வும் அதற்கேற்ற கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டால் அந்தத் தலைவலி பெருமளவு தீரும்.

ஆயில்வாசம்

ஸ்டெயின்லெஸ் வால்வு பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை. உழைப்புக்காகச் செய்யும் மாற்றம் வேறு, டைனோ (பவர் அளக்கும் கருவி) தாளில் ஒரு எண்ணைப் பார்ப்பதற்காகச் செய்யும் மாற்றம் வேறு. என் சண்டை இரண்டாவதோடுதான்.

13.5 பிஸ்டன் உண்மையில் என்ன தரும்? கம்பெனி அளவான கிட்டத்தட்ட 12இலிருந்து 13.5க்குப் போனால் கணக்குப்படி வெப்பத் திறன் சுமார் 3% கூடும். அந்த 3%க்காக அதிக ஆக்டேன் பெட்ரோலைத் தேடி அலைய வேண்டும். ஒரு நாள் அது கிடைக்காமல் சாதாரணப் பெட்ரோலை ஊற்றி, லோடில் மணல் ஏறினால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரியும். அந்தச் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. பிஸ்டன் விளிம்பு அரித்த பிறகுதான் தெரியும்.

அதற்குப் பதிலாக முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்குங்கள். பின் சக்கரத்தில் அதே கியரில் 7.7% கூடுதல் இழுவை. என்ஜினை ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம்.

கேம்ராஜா

இந்த ஸ்பிராக்கெட் கணக்கைப் பலர் சொல்கிறார்கள், பாதிதான் உண்மை. சக்கரத்தில் இழுவை கூடுவது அதே என்ஜின் வேகத்தில்தான். அதே வண்டி வேகத்தில் மேடு ஏறுவதற்கு வேண்டியது பவர். ஸ்பிராக்கெட் பவரை உண்டாக்காது, இருக்கிற பவரை வேறு வேகத்தில் கொண்டுபோய் வைக்கும். மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் நடுவில் தவிக்கிறவருக்கு ஒரு பல் குறைத்தால் அற்புதமாக இருக்கும். ஏற்கெனவே பவரின் உச்சியில் நின்று திணறுகிறவருக்கு அது உதவாது, என்ஜின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் லிமிட்டரைச் சீக்கிரம் தொடுவார், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது போர் கிட். 95 மில்லிமீட்டர் போரை 98 ஆக்கினால் அதே 63.4 ஸ்ட்ரோக்கில் 478 சிசி. கம்ப்ரஷனை மிதமாக வைத்துக்கொள்ளலாம், ஆர்பிஎம்மைக் கூட்ட வேண்டாம், கீழ்ப் பகுதியிலும் நடுப் பகுதியிலும் இழுவை நன்றாகவே தெரியும்.

பழையபான்ஷி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் தம்பிகளா. நான் டூ ஸ்ட்ரோக் ஆள். யமஹா பான்ஷி, 347 சிசி, இரண்டு சிலிண்டர். பல தடவை பிரித்துக் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் பிஸ்டனையும் பல்லையும் பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் என்ஜினைச் சாகடிப்பது பவர் இல்லை, கலவை. ஒரு முறை எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் குழாய்) மாற்றினேன், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டும் சரியாக ஏற்றினேன். ஆனாலும் இடது சிலிண்டர் பிடித்துக்கொண்டது. ஜெட்டைத்தான் திட்டினேன். பிறகு என்ஜின் கேஸை அடைத்து ஆறு பிஎஸ்ஐ காற்று ஏற்றிப் பார்த்தால் மேக்னட்டோ பக்கத்து கிராங்க் சீலில் சோப்பு நுரை குமிழ் விட்டது. அந்த ஓட்டையில் காற்று உறிஞ்சி, கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து), பிஸ்டன் சூடேறிப் பிடித்திருக்கிறது. ஒரு சின்ன சீல். அன்றிலிருந்து காற்றுச் சோதனை செய்யாமல் எந்த என்ஜினையும் ஸ்டார்ட் செய்வதில்லை.

உங்கள் ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் அதேதான். ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றி, சைலன்சரைத் திறந்துவிட்டு, பெட்ரோலைக் கூட்டாமல் ஓட்டினால் லீன். ஆக்ஸிஜன் சென்சார் இல்லாத இன்ஜெக்ஷன் தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று நம்பாதீர்கள்.

கேம்ராஜா

இதை நூறு தடவை ஆமோதிக்கிறேன். சைலன்சர் மாற்றினால் ஃப்யூயல் கன்ட்ரோலரும் கூடவே வர வேண்டும், அது தனிச் செலவு என்று நினைக்கக் கூடாது. வைட்பேண்ட் சென்சார் வைத்து, முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.8இலிருந்து 13.2க்குள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் நான் வண்டியைக் கொடுப்பேன். காது கணக்கும் மூக்குக் கணக்கும் எனக்கு வேண்டாம்.

நானூறுகாரன்

எல்லாருக்கும் வணக்கம், நான் புதியவன். என்னுடையது ஹோண்டா 400இஎக்ஸ். 397 சிசி, ஏர் கூல்டு, கம்ப்ரஷன் 9.1தான். 416 சிசி கிட் போடலாமா, 440 போடலாமா என்று யோசிக்கிறேன். ஆயில்வாசம் அண்ணா சொல்வதைப் பார்த்தால் ஒன்றுமே போடக் கூடாதோ?

ஆயில்வாசம்

தம்பி, உங்கள் என்ஜின் விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பில்லை. 9.1 கம்ப்ரஷன் என்றால் ஏற்றுவதற்கு இடம் இருக்கிறது. 85 போரை 87 ஆக்கினால் 416, 89 ஆக்கினால் 435க்குப் பக்கத்தில், அதைத்தான் 440 என்று விற்கிறார்கள். ஏர் கூல்டில் என் கவலை சூடுதான். கூடுதலாக எரியும் ஒவ்வொரு துளிக்கும் சூட்டை வெளியேற்ற ஃபின்களும் ஆயிலும் மட்டுமே இருக்கின்றன. 416 போதும், 10க்கும் 10.5க்கும் நடுவில் கம்ப்ரஷன் வையுங்கள். ட்ரை சம்ப் (ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) என்பதால் ஆயில் அளவை என்ஜின் ஓடிச் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்துவிட்டு ஆயில் குறைவு என்று அளவுக்கு மீறி ஊற்றுகிறவர்கள் உண்டு.

கேம்ராஜா

பாருங்கள், அண்ணாவே போர் கிட்டுக்குச் சம்மதித்துவிட்டார்!

ஆயில்வாசம்

போருக்கு நான் எப்போதும் எதிரியில்லை. ஆர்பிஎம்முக்குத்தான் எதிரி. கேமும் லிமிட்டரை ஏற்றும் சிடிஐயும் (இக்னிஷன் பெட்டி) சேர்ந்து வரும்போது எனக்குப் பயம் வருகிறது. 63.4 ஸ்ட்ரோக்கில் 10,000 ஆர்பிஎம் ஓடினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 21 மீட்டர். 11,000 ஆக்கினால் 23ஐத் தாண்டும். வேகம் பத்து சதவீதம்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது 21%. பிஸ்டன் மேல் முனையில் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ராடும் அதன் போல்ட்டும் அந்த இழுவையைத் தாங்க வேண்டும்.

கேம்ராஜா

அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யமஹா ராப்டர் 700 ஓடவே கூடாது. அதன் ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர். 8,500இலேயே நொடிக்கு 23.8 மீட்டர். இருந்தும் கேம் மாற்றி ஓட்டுகிற ராப்டர்கள் எத்தனையோ இருக்கின்றன.

ராட், கிராங்க் பின், பேரிங் எதற்காக வடிவமைக்கப்பட்டவை என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் சொல்கிறேன்: ஆர்பிஎம் ஏற்றுகிறவர் ராடையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாதி வேலை செய்கிறவர்களின் என்ஜின்தான் உடைகிறது. பழி மட்டும் மாடிஃபிகேஷன் மேல் விழுகிறது.

ஆயில்வாசம்

ராப்டர் உதாரணம் நியாயமானதுதான். சராசரி வேகத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதியது என் தவறு. ஆனால் பாதி வேலை செய்கிறவர்கள்தான் அதிகம் என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். முழு வேலைக்கான செலவைக் கேட்டதும் ராடை "அடுத்த தடவை" என்று தள்ளிப் போடுகிறார்கள். இந்தத் தளத்தில் கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்லும்போது நான் அந்த ஆளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

பழையபான்ஷி

ஏர் ஃபில்டர் பற்றி யாரும் பேசவில்லையே. ஃபோம் ஃபில்டருக்கு ஆயில் போடுவது எல்லாருக்கும் தெரியும். அது ஏர்பாக்ஸில் உட்காரும் விளிம்புக்குக் கிரீஸ் தடவுகிறவர்கள் எத்தனை பேர்? ஃபில்டரைக் கழற்றி, இன்டேக் ரப்பர் குழாயின் உள்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மணல் நெறுநெறுத்தால், நீங்கள் போடப் போகும் புதுப் பிஸ்டனும் அதே மணலைத்தான் தின்னும்.

மணல்மேடு450

மூன்று நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் செய்தேன்.

துணியில் மணல் வந்தது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இன்டேக் டேப்பெட் மூன்றில் இரண்டு மேனுவல் அளவுக்குக் கீழே, ஒன்றில் ஃபீலர் கேஜே நுழையவில்லை. லீக் டவுன் 34%. ஆயில் மூடியைத் திறந்து காது வைத்தால் லேசான சத்தம்தான். சைலன்சரில் ஒன்றுமில்லை. ரேடியேட்டரில் குமிழ் இல்லை. த்ராட்டில் பாடியைத் திறந்து பிடித்தால் புஸ்ஸென்று காற்று முகத்தில் அடிக்கிறது.

ஆயில்வாசம்

இன்டேக் வால்வு. பிஸ்டன் ரிங் ஓரளவு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். மேட்டில் மூச்சு வாங்கியதும் இதனால்தான் இருக்க வேண்டும். ஷிம் (கிளியரன்ஸைச் சரிசெய்யும் சின்னத் தகடு) மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பூச்சு போன வால்வு சில மணி நேரத்தில் திரும்பவும் அமுங்கிவிடும். டைட்டானியம் வால்வைப் பேஸ்ட் போட்டு லேப்பிங் (சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது) செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மிச்சப் பூச்சையும் எடுத்துவிடுவார்கள். புது வால்வு, சீட் கட்டிங், புது ஸ்டெம் சீல். முதலில் அந்த ரப்பர் குழாய்.

கேம்ராஜா

முழுதாக ஒத்துக்கொள்கிறேன். இன்டேக் மூன்றும் ஸ்டெயின்லெஸ், கூடவே அதற்கான ஸ்பிரிங். எடை கூடிய வால்வுக்குப் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுவிடாதீர்கள். ஹெட் இறங்கியிருக்கும்போது சிலிண்டரையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள். மணல் தின்ற என்ஜின், போரில் செங்குத்துக் கோடுகள் இருக்கலாம். கோடு இருந்தால் அப்போது 98 போர் பேசுவோம். இல்லையென்றால் கம்பெனி அளவிலேயே புது ஃபோர்ஜ்டு பிஸ்டன், கம்ப்ரஷனை ஏற்ற வேண்டாம். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் குளிரில் கொஞ்சம் தட்டும், இரண்டு மூன்று நிமிடம் வார்ம் அப் செய்யாமல் முறுக்காதீர்கள்.

மணல்மேடு450

சரி, ஹெட்டை இந்த வாரம் இறக்குகிறேன். 13.5ஐ விட்டுவிட்டேன். 13 பல் ஸ்பிராக்கெட் ஒன்று நண்பரிடம் சும்மா கிடக்கிறது, வால்வு வேலை முடிந்து 14இலேயே முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் அதைப் போடுகிறேன். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு சந்தேகம்: மணல் உள்ளே போயிருப்பதால் ஆயிலை மாற்றினால் மட்டும் போதுமா, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டுமா?

ஆயில்வாசம்

வெட்டிப் பாருங்கள். மடிப்பை விரித்து வெயிலில் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாக இருக்கும், ஒட்டுகிற துகள் கிராங்க் பக்கமிருந்தோ கியரிலிருந்தோ வந்திருக்கலாம். படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.