எவரெஸ்ட் அடிவார முகாம் நடை: அப்பாவுக்காக ஓர் உதவி

வணக்கம். வரும் அக்டோபரில் 63 வயதாகும் அப்பாவுடன் நேபாளத்தின் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கிறேன். தங்கல் முழுக்கத் தேநீர் விடுதிகளில்தான் (நடைபாதையில் சாப்பாடும் படுக்கையும் தரும் எளிய விடுதிகள்). உயரத்துக்கு உடம்பு பழக நாம்சே பஜாரிலும் (3,440 மீட்டர்) திங்போச்சேயிலும் (4,410 மீட்டர்) இரண்டிரண்டு இரவுகள்.

பகல் நடையை அப்பா சமாளித்துவிடுவார். இரவுதான் என் கவலை. சாப்பாட்டுக் கூடத்தில் யாக் சாண வறட்டி அடுப்பு எரியும். படுக்கும் அறையில் கணப்பே கிடையாது. அன்னபூர்ணா பக்கம் போனபோது, தலைமாட்டில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் உறைந்துவிட்டது.

அப்பா இரவில் மூன்று முறை எழுந்திருப்பவர். திங்போச்சேக்கு மேலே, லொபுச்சே, கோரக்ஷேப்பில் கழிப்பறையுடன் கூடிய அறை கிடைக்குமா? மறுநாள் காலை உணவை முந்தைய இரவே சொல்லிவைக்கும்போது, அரிசிக் கஞ்சி கேட்டால் வைத்துத் தருவார்களா? பெரியவர்களை அழைத்துச் சென்றவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.