மைனர் 1000 சூடானதும் நின்றுவிடுகிறது, காபரேற்றரை மாற்றத்தான் வேண்டுமா?

நாவற்குழிப் பெடியன்

வணக்கம். அப்பப்பா வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின், நான்கு கதவு. ஒயில் மாற்றுவது, பிரேக் சரிபார்ப்பது எல்லாம் வீட்டு முற்றத்தில் வைத்து நானே செய்கிறேன்.

காலையில் உடனே ஸ்ரார்ட் ஆகும். ஊருக்குள் ஓடினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் போனால்தான் பிரச்சினை. கொடிகாமம் தாண்டி, பெரும்பாலும் பளைக்குக் கிட்ட, இழுவை குறையும், திக்கித் திக்கி நின்றுவிடும். மரநிழலில் அரை மணித்தியாலம் விட்டால் திரும்ப ஓடும்.

முன்பு எப்போதாவதுதான் இப்படி நின்றது. ஒரு கராச்சில் காட்டினேன். நான்கு பிளக்கும், பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலும் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு நிற்பது கூடிவிட்டது. இப்போது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் காரை விற்கச் சொல்கிறார்கள். எனக்கு விற்க மனமில்லை.

தண்ணீர் கொதிக்கவில்லை, ரேடியேற்றர் நிரம்பித்தான் இருக்கிறது. அடிப்பது 92 பெற்றோல். என்னிடம் ஸ்பனர் செட்டும் ஒரு மல்ரிமீற்றரும் இருக்கின்றன. காபரேற்றர் வாங்குவதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

தெகிவளை மைனர்

தம்பி, கேட்கும்போது பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதுபோல்தான் தெரிகிறது. மைனரில் புகை போகும் மனிஃபோல்டுக்கு நேர் மேலேயே காபரேற்றர் இருக்கிறது. கீழிருந்து வரும் சூடு முழுவதும் அதற்குத்தான். பெற்றோல் குழாய் எங்காவது மனிஃபோல்டில் முட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். காலி வீதி நெரிசலில் எனக்கு இப்படி நின்றிருக்கிறது. குழாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சாவகச்சேரிப் பட்டறை

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்.

தெகிவளைக்காரர் சொன்னது உண்மையில் வருகிற பழுதுதான். ஆனால் அது அநேகமாக நெரிசலில் ஊர்ந்து போகும்போது வரும், இல்லாவிட்டால் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது வரும். உமது கார் ஏ9இல் நல்ல காற்றோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கிறது. அதனால் எனக்கு வேறு இடத்தில்தான் சந்தேகம்.

ஓடும் எஞ்சின் நிற்பதென்றால் பெற்றோல் வரவில்லை, அல்லது நெருப்புப் பொறி வரவில்லை. இரண்டில் எது என்று கார் நின்ற அந்த இடத்தில், அது ஆறுவதற்குள் பார்த்தால்தான் தெரியும். ஆறிய காரைக் கராச்சுக்குக் கொண்டுபோனால் யாருக்கும் பழுது பிடிபடாது. பிறகு பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள், காசு உமது காசு.

மைனரில் ஒரு வசதி உண்டு. அதன் எஸ்யூ கம்பனிப் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. பொனற்றைத் திறந்தால் பின்பக்கத் தகட்டில் பூட்டியிருக்கும், திறப்பைப் போட்டதும் டிக் டிக் என்று அடிக்கும். காபரேற்றர்க் கிண்ணம் நிரம்பியதும் அடிப்பது நின்றுவிடும். அடுத்த தடவை கார் நின்றால் எஞ்சினைச் சுற்ற வேண்டாம். திறப்பைப் போட்டுவிட்டுக் காதைக் கொடும்.

விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் பம்ப் வேலை செய்கிறது, பெற்றோல்தான் வரவில்லை. தாங்கி மூடியைத் திறந்து பாரும். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் மூடியின் துவாரம் அடைபட்டிருக்கிறது. சத்தம் இல்லாவிட்டால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு குழாய் இணைப்பு இளகிக் காற்றை இழுக்கிறது, அல்லது பம்பின் அடியில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறது.

சில தடவை அடித்து நின்றால் பெற்றோல் பக்கம் சரி. பொறியைப் பார்க்க வேண்டும்.

ஒரு சத்தமும் இல்லை, காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தால் பெற்றோலும் இல்லை என்றால், ஸ்பனர்ப் பிடியால் பம்பின் உடம்பில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டும். உடனே அடிக்கத் தொடங்கினால் உள்ளே மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு விடும் பொயின்ற் கருகிவிட்டது.

அந்தக் குழாயைக் கழற்றும்போது திறப்பை நிறுத்தும், பக்கத்தில் ஒருவரும் புகைக்கக் கூடாது. பெற்றோல் வெளியே கிடக்கும்போது பொறி சோதனை செய்யவே வேண்டாம். சூடான மனிஃபோல்டில் நாலு துளி விழுந்தாலே போதும்.

இன்னொன்று. இந்தக் கார் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஓடியதா? போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில்தான் ஒஸ்ரின் ஏ40, மைனர் எல்லாம் ஓடின. கலன்களிலும் போத்தல்களிலும் கிடைத்ததை ஊற்றி ஓட்டிய தாங்கிகள் அவை. அடியில் எவ்வளவு ஊத்தை இருக்கும் என்று கழற்றினால்தான் தெரியும்.

நாவற்குழிப் பெடியன்

நன்றி ஐயா. ஓடியதுதான். அப்பப்பா அந்தக் காலம் முழுவதும் இதில்தான் ஆட்களை ஏற்றி இறக்கினார், ஆஸ்பத்திரிக்கும் இதில்தான் கொண்டுபோனார். இந்தச் சனிக்கிழமை பளை வரை போய்ப் பார்க்கிறேன்.

லண்டன் மைனர்

நாவற்குழித் தம்பிக்கு. நானும் இங்கே ஒரு மைனரை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஐயா சொன்ன சோதனைகளை அப்படியே செய்யுங்கள். எனக்கு இடறுவது வேறு ஒன்று: கொயில் மாற்றிய பிறகு பழுது கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொயிலைக் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

12 வோல்ற் என்று கடையில் தரும் கொயில்கள் இரண்டு வகை. ஒன்றின் உள் தடை ஏறக்குறைய 3 ஓம். மைனருக்கு உரியது அதுதான். மற்றது ஏறக்குறைய 1.5 ஓம். அது பின்னால் வந்த கார்களுக்கானது. அந்தக் கார்களில் கொயிலுக்குப் போகும் வழியில் தனியாக ஒரு தடை இருக்கும், ஓடும்போது கொயிலுக்கு முழு 12 வோல்ற் போகாது. மைனரில் அந்தத் தடை கிடையாது. 3 ஓம் கொயிலுக்கு 4 அம்பியர் போகும் இடத்தில் 1.5 ஓம் கொயிலுக்கு 8 அம்பியர் போகும். கொயில் கொதிக்கும், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் பொயின்ற் கருகும், சூடு ஏற ஏறப் பொறி மெலியும். ஆறியதும் திரும்ப ஓடும். நீங்கள் சொல்கிற அதே கதை.

அளப்பது சுலபம். திறப்பை நிறுத்தி, கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் மல்ரிமீற்றரை வையுங்கள்.

அதோடு, மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. புதிய கொயிலில் + என்று இருக்கும் முனை டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும், − திறப்புப் பக்கம். மாற்றிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறி பலம் குறையும். இந்தக் காலத்துக் கார்களில் பழகியவர்கள் பூட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது.

டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பொயின்ற் இடைவெளியையும் பாருங்கள், 0.015 அங்குலம். பிளக்குக்கு 0.025 அங்குலம்.

நாவற்குழிப் பெடியன்

போய் வந்தேன். பளைக்கு முன்னாலேயே நின்றது. திறப்பைப் போட்டால் பம்பில் சத்தமே இல்லை. காபரேற்றர்ப் பக்கக் குழாயில் பெற்றோலும் இல்லை. ஐயா சொன்னபடி தட்டினேன், உடனே டிக் டிக் என்று அடித்துக் கிண்ணத்தை நிரப்பியது, எஞ்சின் ஓடியது!

ஆனால் ஆனையிறவு தாண்டித் திரும்ப நின்றது. இந்தத் தடவை பம்ப் இரண்டு அடி அடித்துவிட்டுச் சரியாக நின்றது. பெற்றோல் குழாய்கள் எல்லாம் பூட்டியபடி, ஒரு கசிவும் இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் முட்ட வைத்துச் சுற்றினோம். பொறி மஞ்சளாக, மெலிதாக வந்தது. கொயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறியபின் அளந்தேன்: 1.6 ஓம். முனைகளும் மாறித்தான் பூட்டியிருக்கிறார்கள், + திறப்புப் பக்கம் இருக்கிறது.

சாவகச்சேரிப் பட்டறை

அப்ப இரண்டு பழுது. பம்ப் முதலிலிருந்தே விட்டு விட்டு நின்றிருக்கிறது. அதற்காகப் போட்ட கொயில் இரண்டாவது பழுதைக் கொண்டு வந்திருக்கிறது. காபரேற்றர் பாவம், அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

பம்புக்கு: பற்றறி வயரை முதலில் கழற்றும். பம்பின் கறுப்பு மூடியில் இருக்கும் சின்ன நட்டைக் கழற்றினால் மூடி வந்துவிடும், உள்ளே பொயின்ற் தெரியும். கொஞ்சம் கறுத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் தேய்ப்பது சில நாளுக்குத்தான் தாங்கும், புதுப் பொயின்ற் போடும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், தெரிந்தவர்கள் போனால் சொல்லிவிடும். பம்பிலிருந்து உடம்புக்கு வரும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டும். அது பாசி பிடித்தாலும் பம்ப் இதே மாதிரிப் படுத்துவிடும். அடியில் இருக்கும் பித்தளை முடியைக் கழற்றினால் சல்லடை வரும், கழுவும்.

கொயில் 3 ஓம் வாங்கும். கடையில் வைத்தே மீற்றர் பிடித்துப் பார்த்து எடும், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். டிஸ்ரிபியூட்டர்ப் பொயின்ற் 8 அம்பியர் குடித்துக் கருகியிருக்கும், அதையும் மாற்றும். அந்தப் பொயின்றுக்குப் பக்கத்தில் இருக்கும் கொண்டென்சர் ஓடுகிறதென்றால் அதில் கை வைக்காதையும். இப்போது புதிதாக வருவதைவிடப் பழையதே நன்றாக நிற்கிறது.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லும். முன் சில்லுகளின் ட்ரனியனுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்?

நாவற்குழிப் பெடியன்

ட்ரனியன் எது ஐயா? ஒயில் மட்டும்தான் மாற்றியிருக்கிறேன்.

சாவகச்சேரிப் பட்டறை

அப்ப கிளிநொச்சிப் பயணத்தை நிறுத்திவையும். நின்றுபோன காரை ஓரமாகத் தள்ளிவிடலாம். ட்ரனியன் புரி தேய்ந்து கழன்றால் முன் சில்லு உள்ளே மடிந்து மூலை நிலத்தில் குந்திவிடும். ஏ9இல் பஸ்ஸுக்கு முன்னால் அது நடக்கக் கூடாது.

முன் சில்லைத் தாங்கும் நிலைத் தண்டின் மேலேயும் கீழேயும் புரியோடு சுற்றும் இரண்டு துண்டுகள்தான் ட்ரனியன், இரண்டு பக்கமும் இருக்கும். நாலிலும் கிரீஸ் நிப்பிள் இருக்கும். ஜக் போட்டுச் சில்லைத் தூக்கி, சட்டத்துக்குக் கீழே ஸ்ராண்ட் வைத்த பிறகு கிரீஸ் அடியும். பாரம் இருந்தால் கிரீஸ் போக வேண்டிய பக்கம் போகாது. பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் ஏற்க மறுத்தால் கழற்றிக் கழுவும். பிறகு சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாரும். கீழ்ப் பக்கம் ஆடினால் மாற்றாமல் எடுக்கக் கூடாது. அதன்பின் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அடித்தால் போதும்.

மட்டக்களப்பு 948

இடையில் ஒரு கேள்வி. என்னுடைய மைனரை முன்பு வைத்திருந்தவர் பற்றறியின் எதிர் முனை உடம்புக்கு வருகிற மாதிரி மாற்றியிருக்கிறார். கொயில் வயரும் மாறுமா? பம்ப் பழுதாகுமா?

லண்டன் மைனர்

மாறும். உங்கள் காரில் − முனை டிஸ்ரிபியூட்டருக்கு, + திறப்புப் பக்கம். பழைய பொயின்ற் வகைப் பம்புக்கு முனை எதுவானாலும் ஒன்றுதான். உள்ளே டயோட் வைத்த பம்பும் பொயின்ற் இல்லாத இலத்திரனியல் பம்பும் அப்படியல்ல, எந்த முனைக்கென்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நாவற்குழிப் பெடியன்

பம்ப் பொயின்றும் 3 ஓம் கொயிலும் வந்து பூட்டியாகிவிட்டது. ஒரு மணித்தியாலம் முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. கொயிலில் கை வைக்கக்கூடிய சூடுதான். இடது பக்கக் கீழ் ட்ரனியன் ஆடுகிறது ஐயா, மேலே வலது நிப்பிள் கிரீஸ் ஏற்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் புது ட்ரனியன் சொல்லியிருக்கிறேன், வந்ததும் படம் போடுகிறேன். அதுவரை கார் முற்றத்தில்தான்.