நாலு மாதக் குழந்தைக்கு மண்டை எலும்பு சீக்கிரமே ஒட்டிவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் தங்கை மகனுக்கு நாலு மாதம். தலை முன்னும் பின்னும் நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. உச்சியின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் சாஜிட்டல் சூச்சர் இப்போதே மூடிவிட்டது என்கிறார் டாக்டர். மண்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ள இந்த நார்த்திசு இணைப்புதான் மூளை வளர வளர மண்டையோடும் விரிய இடம் கொடுக்கிறது, அது பெரியவர்களான பிறகுதான் இறுக வேண்டுமாம். உச்சிக்குழி இன்னும் மெத்தென்று இருப்பதால் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் போதும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஒட்டிய எலும்பு உருவினால் பிரியாது, அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆபரேஷனை எண்டோஸ்கோப்பி முறையில், அதாவது சின்னக் கீறல் வழியாகக் கேமரா விட்டுச் செய்வதென்றால், ஆறு மாதத்துக்குள் செய்வது நல்லது, அப்புறம் தலை வடிவம் சரியாக மாதக்கணக்கில் ஹெல்மெட் போட வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா? வெயிலில் ஹெல்மெட்டை எப்படிச் சமாளித்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள், சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.