இன்வெஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன? "நோக்குதிரள்" சரியா வருமா

எல்லாருக்கும் வணக்கம்,

புயல் முன்னறிவிப்புல வர்ற டிஸ்டர்பன்ஸ் (disturbance), இன்வெஸ்ட் (invest)ங்கற இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ் தேடற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன், பதில் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நாம ரெண்டு வேற வேற பொருளை ஒரே சொல்லுக்குள்ள திணிக்கப் பாக்கறோம்னு தோணுது. டிஸ்டர்பன்ஸ்ங்கறது கடல் மேல இருக்கற நிலைமை. இடிமேகம் கூட்டமா சேர்ந்து, பெரும்பாலும் 200லேருந்து 600 கிலோமீட்டர் அகலத்துக்கு, ஒரு நாளுக்குக் குறையாம கலையாம நின்னா அதுக்கு அந்தப் பேரு. இன்வெஸ்ட்ங்கறது நாம செய்யற வேலை. இதை இனிமே தனியா கவனிக்கணும்னு ஒரு முன்னறிவிப்பு மையம் முடிவு பண்ணி நம்பர் குடுக்குது, நம்பர் விழுந்ததும் அந்த இடத்துக்குன்னே செயற்கைக்கோள் படம் எடுத்துப் பாக்கறது, கம்ப்யூட்டர்ல புயல் மாடல்களை ஓட்டறதுன்னு வேலை ஆரம்பிக்குது. நம்பர் 90லேருந்து 99 வரைக்கும் போய் மறுபடி 90க்கு வந்துரும், கூட ஒரு எழுத்து, அட்லாண்டிக்னா எல், மேற்கு பசிபிக்னா டபிள்யூ, வங்கக்கடல்னா பி, அரபிக்கடல்னா ஏ. நம்பர் குடுத்தாச்சுங்கறதுக்காக இது புயலாகும்னு அர்த்தமே இல்ல, இத்தனை சதவீதம் வாய்ப்பு வந்தாத்தான் நம்பர்னும் கிடையாது. நம்ம சொல்லும் அப்படித்தான் நடுநிலையா இருக்கணும், எனக்கு இதுதான் முக்கியம்.

> "ஆய்வுப் பகுதி"ன்னு விட்டுட்டா என்ன?

பகுதி நகராதுங்க. இது இன்னிக்கு ஒரு இடத்துல இருக்கும், நாளைக்கு 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். "தாழ்வுப் பகுதி நகர்ந்து"ன்னு செய்தில கேட்டுக் கேட்டுப் பழகிட்டோம், அதுக்காக அதே சிக்கலை இன்னொரு சொல்லுக்கும் ஏத்த வேணாமே. இன்னொண்ணு, மெஷின் மொழிபெயர்ப்புல இதை "முதலீடு"ன்னு போட்டுப் பாத்திருக்கேன், புயலைப் பத்தித் தெரிஞ்சுக்க வர்றவங்க அதைப் படிச்சா என்ன புரியும்? நாம சொல்லு குடுக்கலைன்னா அதுதான் நிலைச்சுப் போகும்.

> புயல் சின்னம்தான் எல்லாருக்கும் தெரியுமே

தெரியும், ஆனா அதுக்குள்ள புயல் இருக்கே. இந்திய வானிலைத் துறை கணக்குல காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாத்தான் புயல், 50லேருந்து 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 31லேருந்து 49 தாழ்வு மண்டலம், அதுக்கும் கீழ தாழ்வுப் பகுதி. நாம பேசற பொருளுக்கு மூடின சுழற்சியே, அதாவது காத்து ஒரு மையத்தை முழு வட்டமா சுத்தறதே, இன்னும் வராம இருக்கலாம், ஏணில முதல் படியே ஏறாத ஒண்ணு. அதைப் போய்ப் புயல்னு ஆரம்பிச்சா கேக்கறவங்க மனசுல அந்த ஒரு சொல்லுதான் நிக்கும், பத்து தடவை அது கலைஞ்சு போனா நிஜமா வர்றப்போ யாரும் நம்ப மாட்டாங்க, எனக்கு இதுதான் பெரிய பயம்.

> சூல்முகில்

இதைப் பாத்ததும் ரொம்பப் பிடிச்சுது, கமஞ்சூல்னு நெறஞ்ச மேகத்தைச் சங்கப் பாட்டுலயே சொல்லியிருக்காங்க. ஆனா சூல்னா கர்ப்பம், பிறப்பு வரும்னு ஒரு உறுதி அதுல ஒட்டிட்டு இருக்கு, இங்க நிறைய திரள் புயலாகாமலே போயிருது. மேல ஒரு திசை கீழ ஒரு திசைன்னு காத்து அடிச்சா மேகத்தோட தலையை வெட்டித் தள்ளிரும், வறண்ட காத்து உள்ள புகுந்தா அடங்கிரும், கடல் சூடு சுமாரா 26.5 டிகிரிக்குக் கீழ இருந்தா தெம்பு கிடைக்காது, நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிக்குள்ள இருந்தா பூமியோட சுழற்சி விசை போதாம பெரும்பாலும் சுத்தாது. அப்போ "சூல்முகில் கலைஞ்சிருச்சு"ன்னு எழுதணும். அந்த வாக்கியத்தை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, எத்தனை பேருக்கு வலிக்கும்னு தெரியும். அதனாலதான் எனக்கு மனசு வரல.

நான் சொல்றது நோக்குதிரள். டிஸ்டர்பன்ஸுக்கு முகில்திரள், அதுல நாம கண்ணு வச்சிருக்கறது நோக்குதிரள், ரெண்டும் ஜோடியா நிக்கும். நடுவுல "த்" போடாததை வேணும்னேதான் விட்டேன், இது வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் மாதிரி இதுலயும் வல்லினம் மிகாது. நோக்கின திரள், நோக்கற திரள், இனி நோக்கப் போற திரள்னு மூணு காலமும் உள்ள அடங்கிருது, கண்காணிப்புக்கு இதை விடப் பொருத்தமான இலக்கணம் இருக்கான்னு தெரியல. திரள் நம்மளைப் பாக்குதான்னு யாராவது கேட்டா குடிநீரைக் காட்டுங்க, நீர் குடிக்குதுன்னு யாரும் புரிஞ்சுக்கறதில்லையே.

இதே வழில இன்னொண்ணும் வேணும். அமெரிக்கப் புயல் மையம் போடற அட்லாண்டிக் வரைபடத்துல ஒரு பெருக்கல் குறியும் சுத்திக் கலரும் இருக்கும்ல, புயல் உருவாகற வாய்ப்பு 40 சதவீதத்துக்குக் கீழன்னா மஞ்சள், 40லேருந்து 60 ஆரஞ்சு, அதுக்கு மேல சிவப்பு. குறி இருக்கற இடத்துலதான் திரள் இப்ப இருக்கு, கலர் பூசின இடம் புயல் உருவாகக்கூடிய பரப்பு. அதைப் பாதிப்புப் பகுதின்னு பலரும் மொழிபெயர்க்கறாங்க, அது தப்பான தகவல், ஜனங்க பயந்துருவாங்க இல்லைன்னா கலர் நம்ம பக்கம் இல்லைன்னு அசந்துருவாங்க. உருவாகுபரப்புன்னு வச்சா குழப்பம் தீரும்.

செயற்கையா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. சைக்ளோன்ங்கற சொல்லும் ஒருத்தர் உக்காந்து ஆக்கினதுதான், 1840கள்ல கல்கத்தால இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பு சுருண்டு கிடக்கற மாதிரி இருக்குன்னு கிரேக்கத்துலேருந்து எடுத்தாரு. எந்தச் சொல்லும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

நம்பரையும் எழுத்தையும் மட்டும் மாத்த வேணாம், வேற மொழித் தகவலோட ஒப்பிட்டுப் பாக்க அது அப்படியே இருக்கட்டும். "நோக்குதிரள் 93பி வடமேற்கா நகருது", "நோக்குதிரள் தாழ்வு மண்டலமா வலுவடைஞ்சிருச்சு", "நோக்குதிரள் கலைஞ்சிருச்சு, கண்காணிப்பு முடிஞ்சுது" இந்த மூணையும் சொல்லிப் பாத்துட்டு எங்க இடறுதுன்னு எழுதுங்க.